பாலைவனத்துக்கு ஒரு டம்ளர் விளக்கெண்ணெய்

எஞ்சின் ஆயில் டப்பாவில் 20W-40 என்று போட்டிருந்தால், அந்த ஆயிலுக்கு இருபது டிகிரியிலிருந்து நாற்பது டிகிரி வரைக்கும்தான் உயிர் இருக்கும் என்று நான் மனதார நம்பினேன். நாற்பத்தொன்றில் அது செத்துவிடும். நடுவில் இருக்கும் W எதற்கு என்று தெரியவில்லை. வாட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு பல்பும் நாற்பது வாட்தான்.

அப்போது ஆறாம் வகுப்பு முடிந்து மே மாத விடுமுறை. எங்களோடு ஓசூரில் தங்கி வண்டி தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, திடீரென்று ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகப்போவதாக அறிவித்தார். ஏன் என்று கேட்டதற்கு, லீவு இருக்கிறது என்றார். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் யாரும் விவாதிக்கவில்லை. என்ன ஆயில் ஊற்றுவது என்றுதான் ஒரு வாரம் சண்டை நடந்தது.

அப்பா வார்ப்பட ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர். சூட்டைப் பற்றித் தனக்குத் தெரியாததை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"மாப்ள, வண்டியோட குடுத்த புத்தகத்துல நாப்பதுன்னு போட்டிருக்கான். அவன் என்ன கேனயனா?"

"அத எழுதினவன் ஓசூர்ல குந்திக்கிட்டு எழுதியிருப்பான் மாமா. இங்க மே மாசத்துலயும் போர்த்திக்கிட்டுப் படுக்கறோம். அங்க இருக்கிற சூட்டுல ஆயில் தண்ணியா ஓடிரும். அம்பதுன்னா கொஞ்சம் கெட்டியா நிக்கும்."

"கெட்டியா நிக்கறதுக்கு அது என்ன கொழம்பா?"

"என் கொழம்ப ஏன் நடுவுல இழுக்கறீங்க?" என்றது அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது மாமா தட்டைப் பார்த்தபடியே, "சரி மாமா, நாப்பதே போட்டுக்கறேன்" என்றார். அப்பா இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார். நான் மட்டும் சோற்றைப் பிசைந்தபடி கணக்குப் போட்டேன். ராஜஸ்தானில் வெயில் ஐம்பதைத் தொடும் என்று எங்கள் புவியியல் சார் சொல்லியிருந்தார். வெயிலுக்கும் ஆயிலுக்கும் நடுவே பத்து டிகிரி துண்டு விழுந்தது.

கை கழுவும்போது மெல்லக் கேட்டேன். "மாமா, நாப்பது தாண்டினா என்னா ஆவும்?"

"ஆவியாப் போயிருவேன்டா. வண்டியோட."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.

மறுநாள் சனிக்கிழமை. எண்ணெய்க் குளியல் நாள். எனக்கு உடம்பு சூடு என்று அம்மா உச்சந்தலையிலும் தொப்புளிலும் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தார். "எப்பேர்ப்பட்ட சூட்டையும் இது இழுத்துரும்" என்றார். உச்சந்தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தவனுக்கு உலகமே தெளிவாகிவிட்டது. குளித்துச் சாப்பிட்டு எல்லோரும் மயங்கிக் கிடந்த மதிய வேளையில், ஒரு டம்ளர் விளக்கெண்ணெயோடு மாமாவின் வண்டியிடம் போனேன். மாமா ஆயில் அளவு பார்ப்பதை நூறு தடவை பார்த்திருந்ததால் எஞ்சின் மூடி எது என்று தெரியும். திறந்து, முழுவதையும் ஊற்றி, மூடி, பனியனால் துடைத்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றிய களைப்பில் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை மாமா கிளம்பிப் போனார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில் அப்பா பொதுவாக ஒரு பாடம் எடுத்தார். "எஞ்சினுக்குள்ள வேற எண்ணெய் மட்டும் கலந்துச்சுன்னா அவ்ளோதான். ஓடும்போதே கப்புனு புடிச்சுக்கும். ஆளத் தூக்கி வீசிரும்."

அந்த வாரம் முழுக்க நான் கொலைகாரனாக வாழ்ந்தேன். வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போனேன். மாமா வாங்கித் தந்த கிரிக்கெட் மட்டையைப் பிணம்போல ஒரு துணியில் சுற்றி மூலையில் வைத்து, அதற்கு முன்னால் முழந்தாளிட்டேன். சனிக்கிழமை மாலை தாங்க முடியாமல் மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன்.

"சாமி, எங்க மாமாவக் கொன்னுட்டேன்."

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "எப்ப?"

"இன்னும் சாவலைங்க சாமி. ராஜஸ்தான் போய்ச் சேரணும்."

"எதால கொன்ன?"

"வெளக்கெண்ணெய்ங்க."

எங்கள் பங்குச் சாமியார் பாகலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்ப் பூசை வைப்பவர். விஷயம் புரிந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "பெட்ரோல் டேங்கிலயா, எஞ்சின்லயா? எவ்வளவு ஊத்தின?"

"எஞ்சின்லங்க. ஒரு டம்ளர்."

"ஒரு வாரமா ஓடுதா?" என்று தனக்குள் வியந்தார். பிறகு தான் சாமியார் என்பது நினைவு வந்து, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லும்படியும், மாமாவிடம் உண்மையைச் சொல்லும்படியும் விதித்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஃபோனுக்கு மாமா பேசினார். ஜெய்சல்மேரிலிருந்து. அப்பாதான் முதலில் வாங்கினார். "ஆயில் எப்படி மாப்ள?" அந்தப் பக்கத்துப் பதில் முகத்தில் பரவ, எங்களைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்ன நாப்பது ஜம்முனு ஓடுதாம்." பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதை ஒரு முறை சொன்னார்.

ஃபோன் என் கைக்கு வந்தது. அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். "மாமா, வண்டிய ஓட்டாதீங்க. எஞ்சின்ல நான் வெளக்கெண்ணெய் ஊத்திட்டேன்" என்று கிசுகிசுத்தேன்.

கொரகொரவென்று லைன் சத்தம். பிறகு, "அடப்பாவி, நீதானா அது? நான் போன தடவ ஆயில் மாத்தின மெக்கானிக்க இல்ல சந்தேகப்பட்டேன்" என்றார். அடுத்து குரலைத் தாழ்த்தினார். "அப்பா பக்கத்துல நிக்கிறாரா?"

"ஆமா."

"அப்ப ஒண்ணும் கேக்காத. எனக்கு ஒண்ணும் ஆவாது. போன வை."

வைத்துவிட்டேன். மாமா சாகமாட்டார் என்பது மட்டும் புரிந்தது. விளக்கெண்ணெய்தான் அவரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்பா தன் நாற்பதுதான் என்று எடுத்துக்கொண்டார். அன்று எங்கள் வீட்டில் இரண்டு பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தோம்.

அக்காவின் கணவரிடம் சாப்பாட்டு நேரத்தில் சரி என்று சொல்வது மரியாதைதான், சம்மதம் அல்ல என்பது, எனக்கும் ஓர் அக்கா கணவர் வாய்த்த பிறகுதான் விளங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் தெருமுனை திரும்பியதும் நேராகப் பாகலூர் சாலை மெக்கானிக்கிடம் போய், எஞ்சினில் இருந்த பழைய நாற்பதை, விளக்கெண்ணெய் வாடையோடு, ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிட்டு, புதிதாக ஐம்பது ஊற்றிக்கொண்டுதான் பாலைவனத்துக்குப் போனார்.