ஏரோப்பிளான் பட்டை

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கங்காணி ஏறி வந்து, "அக்கா, கூடையை எறக்கி வைங்க" என்றார். நிறுவைக்கு முன்னால் கூடையை இறக்கச் சொல்கிற கங்காணியை நான் கண்டதில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. தொழிற்சாலைப் பட்டறையில் வேலையாக இருந்த என் வீட்டுக்காரர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு எழும்பவில்லை.

மெஷின் பழுது பார்க்கிறவர் என்பதால் தோட்டத்து ஆட்கள் நீங்கள் எல்லாரும் அவரைப் பிட்டர் என்றே கூப்பிட்டீர்கள். செல்லையா என்ற பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

எங்கள் மகள் பாக்கியம் குறைமாதத்தில் பிறந்தவள். தை மாதப் பனி. லயத்துக் காம்பராச் சுவரெல்லாம் ஈரம். "சூடு கொறையாம பாத்துக்கங்க. கொறஞ்சா புள்ள தங்காது" என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போனாள். அடுப்புப் பக்கம் வைத்தால் புகை, தள்ளி வைத்தால் குளிர்.

அட்டன் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு பட்டையை அவர் கொண்டுவந்தார். சண்டைக் காலத்து ஏரோப்பிளானில் கழற்றியதாம். கை நீளம் இருக்கும், தூக்கினால் பாரமே இல்லை. ஒரு நுனியை அடுப்போரத் தணலில் வைத்து, மறு நுனியைத் தேயிலைப் பெட்டிக்கு அடியில் விட்டார். பெட்டிக்குள் சாக்கு, சாக்கின் மேல் பிள்ளை. பக்கத்துக் காம்பரா ராமாயி அக்கா எட்டிப் பார்த்து, "என்னா பிட்டரே, ஏரோப்பிளான்ல படுக்க வச்சிருக்கீங்க, புள்ள பறந்துறப் போகுது!" என்று சிரித்தாள்.

"பறந்தா ஒங்க காம்பராவுலதான் எறங்கும். புடிச்சுக் குடுங்க" என்றார்.

நுனியில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வெகு நேரம் கழித்து லேசாக வெதுவெதுத்தது. "இது மந்தம் புள்ள. இன்னும் ரெண்டு வெறகு தள்ளு" என்றார். தள்ளிவிட்டு நான் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வரும்போது சாக்கு கருகும் வாடை. வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் எனக்கு முன்னால் ஓடிப் பிள்ளையைத் தூக்கி என் கையில் திணித்தார். பட்டையை வெறுங்கையால் இழுத்துப் போட்டார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவருடைய உள்ளங்கைத் தோல் பட்டையோடு போய்விட்டது.

மெஷின் பார்க்க வந்த எஞ்சினியரிடம் கட்டுப் போட்ட கையோடு விசாரித்துவிட்டு வந்தார். "அது மக்னீசியமாம் புள்ள, வேற ஒலோகம் கலந்தது. ஆறிக் கெடக்கையில சூட்டை அவ்வளவா விடாதாம். சூடு ஏற ஏறத்தான் நல்லாக் கடத்துமாம். மொதல்ல வந்த வேகத்தை நம்பி நான் தப்பா நெனச்சுட்டேன்." அராவின தூள் நெருப்பில் பட்டால் பற்றிக்கொள்ளும் என்றும் எஞ்சினியர் சொன்னாராம்.

"அப்ப வீசிருங்க" என்றேன்.

"கொணம் தெரியாதப்பத்தான் பயம். இப்ப தெரிஞ்சிருச்சே."

அதற்குப் பிறகு சின்ன நெருப்புதான். வேலை விட்டு வந்ததும் பெட்டிக்கு அடியில் புறங்கையை வைத்தபடி உட்கார்ந்துவிடுவார். நான் விறகைத் தொட்டால், "பொறு புள்ள, வந்துக்கிட்டிருக்கு" என்பார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப போதும்" என்பார். நான் விறகை வெளியே இழுப்பேன். குளிர்காலம் முழுக்க எங்களுக்குள் வேறு பேச்சு அதிகமில்லை. பாக்கியம் தங்கிவிட்டாள்.

இப்போது அவள் கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கருமாதி முடிந்ததும், "எங்கூட வந்துருங்கம்மா" என்று அழுதாள். நான் போகவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறேன், வருகிறேன். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை, மிஞ்சிப்போகிறது.

பட்டை என்னிடம்தான் இருக்கிறது. பனி விழும் நாளில் அடுப்போரம் வைத்து மறு நுனியில் புறங்கையை வைக்கிறேன். முதலில் ஒன்றும் தெரியாது. விறகைத் தொடாமல் பொறுத்திருக்கிறேன். பிறகு சூடு வருகிறது. நன்றாகவே வருகிறது. போதும் என்று சொல்ல ஆள் இல்லை. விறகை நானே வெளியே இழுத்துக்கொள்கிறேன்.