முன்சீட்டுப் போதகர்

போதகரின் மனைவி கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்ட முதல் வேலை சமையல் இல்லை, மூட்டை கட்டுவது. பீங்கான் தட்டுகளுக்கு நடுவே பழைய செய்தித்தாள், கண்ணாடி டம்ளருக்குள் காலுறை, சுவர்க் கடிகாரம் தலையணை உறைக்குள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், கட்டுப் போடுவதில் கைதேர்ந்தவள். அதனால் ஒரு தட்டுகூட விரிசல் விடாமல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. மெதடிஸ்ட் போதகருக்கு வாழ்க்கைப்பட்டால் இதுதான் பிழைப்பு என்று அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. அந்த வயதில் அவருக்கு அப்படியொரு குரல்.

அந்தச் சபையின் வழக்கம் அது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் போதகர்களும் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். கடைசி நாளன்று பேராயர் எழுந்து, இன்னார் இன்ன ஊர்ச் சபைக்கு என்று வரிசையாக வாசிப்பார். வாசிக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. பெயர் வந்ததும் எழுந்து நிற்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒரே ஊரில் மூன்று வருஷம் முடிந்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மற்ற போதகர்கள் அன்றைக்குக் காலைச் சாப்பாட்டைத் தொட மாட்டார்கள். நம்மாள் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி புதுச்சட்டை போட்டுக்கொண்டு போவார்.

அவர் அப்பா லாரி டிரைவர். பள்ளி விடுமுறையெல்லாம் மகனுக்கு அப்பா பக்கத்தில் முன்சீட்டில்தான் கழிந்தது. அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்ற கேள்வி அங்கேதான் அவருக்குள் புகுந்தது. அப்புறம் வெளியே போகவே இல்லை. இறையியல் படிக்கப் போனதற்குக் காரணம் கேட்டால் தேவ அழைப்பு என்பார். அது உண்மைதான். ஆனால் ஆளை ஊர் ஊராக ஓட்டுகிற சபையாகப் பார்த்துக் கடவுள் அழைத்ததில் அவருக்குக் கொள்ளைத் திருப்தி என்பாள் மனைவி. போதகர்கள் வட்டாரத்தில் அவர் பெயர் ‘சக்கரம்’. காலில் சக்கரம் கட்டிய மனுஷன் என்பதன் சுருக்கம். அது தெரிந்தும் அவர் கோபப்பட்டதில்லை, உள்ளூர ஒரு பெருமைகூட.

சும்மா சொல்லக் கூடாது, போன இடத்தில் எல்லாம் மாடாக உழைத்தார். ஒழுகுகிற கூரையை மாற்றுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பாடகர் குழுவை ஒரே பெஞ்சில் உட்கார வைப்பார். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைப் பள்ளி ஆரம்பிப்பார். எல்லாம் ஓடத் தொடங்கியதும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவர் கால் ஆட ஆரம்பிக்கும். மூன்றாம் வருஷம் பிறந்துவிட்டது என்று மனைவி அதை வைத்தே தெரிந்துகொள்வாள்.

லாரி வந்து நிற்கும். அவர் முன்னால் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மனைவியும் மகளும் பின்னால், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, கயிற்றைப் பிடித்தபடி. “மூணு பேரும் முன்னாடி உக்காந்தா டிரைவருக்குக் கியர் இடிக்கும். சாமானையும் ஒருத்தர் பாத்துக்கணும்ல” என்பார். லாரி நகரும்போது அவர் ஏற்கெனவே அடுத்த ஊரைப் பற்றி டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருப்பார்.

அவளுக்குப் புது ஊர் என்றால் புது ஆஸ்பத்திரி, புது மேட்ரன், மறுபடி முதல் படியிலிருந்து. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் வார்டு பொறுப்புக்கு வந்துவிட்டார்கள். இவள் இன்னும் ஊசி மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவருக்கு அந்தக் கவலை இல்லை. கையில் மூன்று வருஷத்துக்குத் தேவையான பிரசங்கம் இருந்தது. ஊர் மாறியதும் முதலிலிருந்து தொடங்கினால் போதும். புதுச் சபை வாயைப் பிளந்து கேட்கும். எல்லாச் சுற்றையும் கேட்டவள் உலகத்திலேயே ஒருத்திதான். எந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

மகள் படித்து முடித்து வேலைக்கு என்று வேறு ஊர் போய்விட்ட பிறகு, ஒரு மாநாட்டில் பேராயர் எதிர்பாராத ஒன்றை வாசித்தார். சபை நடத்திய கல்லூரி அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆசிரியர்கள் ஒருபக்கம் வகுப்பைப் புறக்கணித்தார்கள், மாணவர்கள் மறுபக்கம் கதவைச் சாத்தினார்கள், பழைய தலைவர் ராஜினாமா செய்துவிட்டுப் போயிருந்தார். மாலைப் பள்ளிகள் நடத்திய பழக்கம் உள்ளவர் என்று சொல்லி நம்மாளை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வெளியே காத்திருந்த மனைவியிடம் அவர் மண்டபத்துப் படிக்கட்டிலேயே சொன்னார். “இந்த வேலைக்கு மூணு வருஷக் கணக்கெல்லாம் கிடையாதாம். ஓய்வு பெறுற வரைக்கும் ஒரே ஊருதான். இனிமே நீ மூட்டை கட்ட வேண்டாம்.”

“சத்தியமா?”

“போதகர்கிட்டயே சத்தியம் கேக்கறியே.”

“போதகர்கிட்ட இல்ல. சக்கரத்துக்கிட்ட கேக்கறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே கையில் அடித்துக் கொடுத்தார். அந்தக் கை அடித்ததை அவள் மறக்கவில்லை.

கல்லூரியை அவர் நிமிர்த்திவிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புறக்கணித்தவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ரசாயனக் கூடத்துக்குப் புது எரிவாயுக் குழாய் வந்தது, பெண்கள் விடுதி எழும்பியது, சாயங்கால வகுப்புகளும் வந்தன. ஆனால் ஆள் ஓரிடத்தில் இருக்கவில்லை. முதலில் கீழ்த்தளத்தில் இருந்த தன் அறையை நூலகத்து மாடிக்கு மாற்றினார். அங்கே காற்று அதிகம் என்று விடுதிப் பக்கம் போனார். அங்கே சத்தம் என்று கிழக்கு மூலைக்கு. கணிதத் துறையும் வரலாற்றுத் துறையும் அவர் புண்ணியத்தில் இடம் மாறி இடம் மாறிக் குடித்தனம் செய்தன. “ஐயா மேசைக்கும் நாலு சக்கரம் வெச்சுட்டா எங்க முதுகு பிழைக்கும்” என்று அலுவலக உதவியாளர் அவள் காதுபடவே சொன்னார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிக்க அவளுக்குக் காரணம் இருந்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவள் அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ் ஆகியிருந்தாள். முதல்முறையாக அவளுக்கென்று ஒரு மேசை, அதன் இழுப்பறையில் அவளுடைய சீப்பு. டாக்டர்கள் வார்டுக்குள் நுழையும்போது முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். பிரசங்கக் கவலையும் தீர்ந்தது. பட்டப்படிப்பு மூன்று வருஷம். பழைய மாணவர்கள் போய்ப் புது மாணவர்கள் வந்ததும் கல்லூரி ஆலயத்தில் அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். “நீங்க ஊரு மாற வேணாம். ஆளுங்க மாறிக்கறாங்க. உங்க பிரசங்கம் தப்பிச்சுது” என்று அவள் கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை. கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

இப்படியே மூன்றாம் சுற்றும் முடியப் போகிற நேரம். ஒருநாள் காலையில் அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. பேராயர். புதியவர், இளையவர், ஒரு காலத்தில் நம் போதகரிடம் வேலை பழகியவர். அந்த உறவில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, அண்ணன் மறுபடி சபை ஊழியத்துக்குப் போறேன்னு கேட்டிருக்காரு. எங்க வேணா போடுங்கன்னாரு. மலைக்கு அந்தப்பக்கம் ஒரு சபைதான் காலியா இருக்கு. அங்க ஆஸ்பத்திரி கிடையாது. போதகர் வீட்டம்மாகிட்ட கேக்கற வழக்கம் நம்மகிட்ட இல்ல, தெரியும். ஆனா மனசு கேக்கல. உங்களுக்குச் சம்மதம்தானே?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வேற்று மனிதரிடம் வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. “மாநாட்டுக்கு நாள் இருக்கே தம்பி. பட்டமளிப்பு முடியட்டும், அவர்கிட்டயே இன்னொரு தடவை கேளுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு வார்டில் அவளிடம் திட்டு வாங்காதவர் யாருமில்லை. படுக்கை விரிப்பில் சுருக்கம், தட்டில் கத்தரிக்கோல் இடம் மாறியிருக்கிறது, ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது. அவளுக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. எத்தனை ஊர், எத்தனை மேட்ரன், எத்தனை முறை முதலிலிருந்து. கேட்காமல் எடுத்துக்கொண்டதை எல்லாம் பொறுத்தாள். கையில் அடித்துக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. இந்த முறை அவர் தனியாகப் போகட்டும் என்று முடிவே செய்துவிட்டாள்.

பட்டமளிப்பு அன்று டியூட்டி முடிந்து நேராகக் கல்லூரிக்குப் போனாள், சண்டை போடத்தான். விழா முடிந்திருந்தது. மாணவர்கள் பெட்டியும் படுக்கையுமாகப் பேருந்துகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் கறுப்பு அங்கியோடு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று வாரம் தவறாமல் அவரோடு மல்லுக்கு நின்ற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் போகிற போக்கில் கையைக் குலுக்கிவிட்டு ஓடிப்போய் ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். கடைசிப் பேருந்தும் போயிற்று. காவலாளி கதவைச் சாத்த வந்தார். போதகர் நகரவில்லை. காலும் ஆடவில்லை. கை மட்டும் பாதி தூக்கியபடி நின்றது.

மனைவி அவர் பக்கத்தில் போய் நின்றாள். கொண்டுவந்த சண்டை வாய்வரை வந்து நின்றுவிட்டது.

“அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல” என்றார். “மூணு வருஷமா எங்கூடச் சண்டை போட்டவ. ஒருத்தருமே பாக்க மாட்டேங்கறாங்கம்மா. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். என்னால இந்த வாசல்ல நிக்க முடியல. அதான் பேராயர்கிட்ட…”

“தெரியும். ஃபோன் பண்ணினாரு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க திரும்பிப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“எப்ப?”

“ஒவ்வொரு ஊரை விட்டும் வந்தோமே, அப்ப. நீங்க முன்சீட்டுல. ரோடுதான் தெரியும் உங்களுக்கு. நானும் உங்க பொண்ணும் பின்னாடி உக்காந்து வந்தோம். ஜனங்க தெருவுல நின்னதை நாங்கதான் பாத்தோம். லாரி வளையற வரைக்கும் கையை இறக்க மாட்டாங்க. நம்ம பொண்ணோட சிநேகிதி ஒருத்தி ஸ்கிப்பிங் கயிறோட லாரி பின்னாடியே ஓடி வந்தா. உங்களுக்குத் தெரியுமா அது?”

“சொல்லவே இல்லையே நீ.”

“நீங்க டிரைவர்கிட்ட அடுத்த ஊர்ல தண்ணி எப்படின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

வீட்டுக்கு நடந்து போகிற வழியில் அவர், “அந்தக் கயிறு வெச்சிருந்த பொண்ணு எந்த ஊரு?” என்று கேட்டார். அவள் சொன்னாள். அடுத்த தெருவில், “அப்புறம் யாரு நின்னாங்க?” என்றார். அவள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த வருஷ மாநாட்டுக்கு அவளும் போனாள், மண்டபத்தின் கடைசி வரிசையில். அவர் பேராயரிடம் மறுபடி பேசினாரா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. அவளும் வீம்புக்குக் கேட்கவில்லை. மலைக்கு அந்தப்பக்கத்துச் சபையின் பெயர் வந்தது, யாரோ ஓர் இளம் போதகர் எழுந்து நின்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கடைசியில் பேராயர், “கல்லூரி. அதே தலைவர்” என்று வாசித்தார். அவர் எழுந்து நின்றார். புது ஊர் கிடைத்தவர் மாதிரி இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிடித்து நிறுத்தப்பட்ட ஆள் மாதிரி நின்றார்.

அதற்காக ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மேசை இன்னும் இரண்டு முறை இடம் மாறியது. ஓய்வு பெறுகிறவரைக்கும் கால் ஆடியது. ஆனால் ஒவ்வொரு பட்டமளிப்பிலும் கடைசிப் பேருந்து போகிறவரை வாசலை விட்டு அசையவில்லை.

ஓய்வு பெற்றபோது தலைவர் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மூன்று தெரு தள்ளி, சின்னதாக ஒரு வீடு பார்த்திருந்தார்கள். அவளுக்கு இன்னும் சில வருஷம் வேலை இருந்தது. மூன்று தெருவுக்கும் லாரி வேண்டுமே. வந்தது. ஆசிரியர்களும் விடுதிக்காரர்களும் தெருவில் வந்து நின்றார்கள். அவள் வழக்கம்போல் பின்பக்கம் போனாள். அங்கே பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், முகம் தெருவைப் பார்த்து, கயிற்றைப் பிடித்தபடி.

“இந்த வயசுல அங்க எதுக்குங்க ஏறினீங்க?” என்றாள்.

“நீ முன்னாடி போய் உக்காரும்மா” என்றார். “சாமானை ஒருத்தர் பாத்துக்கணும்ல.”

அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். லாரி நகர்ந்தது. எதிரே தெரு அகலமாக, ஒன்றும் மறைக்காமல் கிடந்தது. அவளுக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியைத்தான் பார்த்தாள். லாரி முதல் தெருவைத் திரும்பி, இரண்டாவதையும் திரும்பியது. பின்னால் ஒருவரும் தெரியவில்லை. கண்ணாடியில் அவர் கை மட்டும் இன்னும் இறங்காமல் ஆடிக்கொண்டிருந்தது.