சத்தம் போடுகிற பேனா

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் என்னைப் பார்த்தவர்கள், 'வாத்தியாருக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று நினைத்திருப்பார்கள். தப்பில்லை. பேனாவைக் காகிதத்தில் கிறுக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நான் கிறுக்கிக்கொண்டே குனிந்து, காதைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'தானே' புயலில் பறந்த கடை போர்டை இன்னும் மாட்டாத அந்தக் கடைக்காரர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாவது பேனாவில் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார் தேடுறீங்க? இதப் பாருங்க, வெண்ண மாதிரி வழுக்கிக்கினு ஓடும். சத்தமே வராது."

"அதான் வாணாங்கிறேன். எனக்கு சத்தம் வரணும்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு டப்பாவைத் தேடினார்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் சிதம்பரத்தில் நான் ஒரு பரீட்சை எழுதப் போகிறேன். எனக்காக இல்லை, ஜெசிந்தாவுக்காக. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) பிறந்ததிலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் பார்வை கிடையாது. அவள் விடையைச் சொல்வாள், நான் எழுத வேண்டும். ஸ்கிரைப் என்போமே, அந்த வேலை. அரசாங்கத் தாளில் அதற்கு 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். பெயரிலேயே வேலை முழுக்க இருக்கிறது... சொல்வதை எழுத வேண்டும். இது என்ன பிரம்ம வித்தையா?

என்னால் முடியவில்லையே! ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே பெண்ணுக்கு ப்ளஸ் டூ பரீட்சையில் இதே வேலையைச் செய்யப் போய், கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். பறக்கும் படையிடம் அல்ல, அவளிடமே. இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் யார் யாரையோ வாரம் தவறாமல் குறை சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

நான் கணக்கு வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மார்ச் மாதம், சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வரலாறு பரீட்சைக்கு என்னை ஸ்கிரைபாகப் போட்டார்கள். விடை தெரிந்தவர் எழுதக் கூடாது என்பதற்காக வேறு பாட ஆசிரியரைப் போடுவார்கள். நல்ல விதிதான். கணக்கு வாத்தியாருக்கு வரலாறு தெரியாது என்று நம்பிவிட்டார்கள், பாவம்.

தேர்வு அறைக்குப் போகும் வழியில், சைக்கிள் ஸ்டாண்டு அருகே ஜெசிந்தாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிச்சாவரம் பக்கத்தில் மீனவக் கிராமம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள்.

"சார், நீங்கதான் பாத்து எழுதணும். கண்ணு தெரியாத புள்ள. கொஞ்சம் பாத்துப் போட்டு வுடுங்க."

ஜெசிந்தா சுள்ளென்று திரும்பினாள். "ம்மா, சும்மா இரு. அவுரு எழுத வந்திருக்காரு. நீ எதுனா சொல்லாத."

நான் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் கேட்டதற்குச் சரி என்றுதான் அதற்கு அர்த்தம். பார்வை இல்லாத பெண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்ற தைரியம்!

தனி அறை. நாங்கள் இரண்டு பேர், கண்காணிப்புக்கு சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த தனசேகர் என்கிற ஆசிரியர். ஸ்கிரைப் வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு என்பதால் இரண்டு மணி வரை. தலைக்கு மேலே ஒரு ஃபேன், ஓடுகிறதா அழுகிறதா என்று தெரியாத சத்தத்தோடு. ஜெசிந்தா முதல் கேள்வியிலிருந்தே தெளிவாகச் சொன்னாள். கமா எங்கே, பாரா எங்கே, அடிக்கோடு எங்கே... எல்லாம் அவளே சொல்வாள். நான் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்வாள். அப்புறம்தான் அடுத்தது.

இரண்டாவது பக்கத்தில் ஒரு வார்த்தையை மாற்றினேன். அவள் சொன்னதைவிட என் வார்த்தை சரியானது. மூன்று பக்கம் தள்ளி, அவள் விட்டுவிட்ட ஒரு காரணத்தை ஒரே வரியில் சேர்த்தேன். திரும்பப் படித்தபோது? அவள் சொன்னதை மட்டும் படித்தேன். ஆமாம், எழுதியது ஒன்று, படித்தது ஒன்று. முப்பது வருஷ சர்வீஸில் காப்பி அடித்த எத்தனை பேரை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன்! அன்றைக்கு எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. புண்ணியம் சேர்க்கிற நினைப்பில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு உப்புச் சத்தியாகிரகக் கேள்வி வந்தது. தண்டி யாத்திரையை அழகாகச் சொன்னாள். முடித்துவிட்டு, "அடுத்த கேள்வி சார்" என்றாள்.

வேதாரண்யம்? நம் ஊர்க் கடற்கரையிலேயே கொஞ்சம் தெற்கே போனால் வந்துவிடும், அங்கே நடந்த உப்புச் சத்தியாகிரகத்தை விட்டுவிட்டாளே! கணக்கு வாத்தியாராக இருந்தால் என்ன, ஒரு தமிழனுக்கு மனசு கேட்குமா? நான் வேதாரண்யத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. அறையில் சத்தம் என்று எதுவுமே இல்லை... என் பேனாவைத் தவிர.

ஜெசிந்தா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சார், இன்னா எழுதுறீங்க?"

"நீ சொன்னதைத்தான்மா."

"நான் சொல்லி முடிச்சிட்டேன் சார். பேனா இன்னும் ஓடுது."

"எழுத்து சரியில்ல, திருத்தினேன்" என்று ஏதோ உளறினேன்.

"திருத்துற சத்தம் வேற சார். நீங்க ரெண்டு வரி எழுதுனீங்க. ரெண்டு வாட்டி கை இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்குப் போச்சு. படிங்க."

படித்தேன். வேறு வழி? கடைசி வார்த்தை வரை படித்தேன்.

"அடிங்க சார்."

தனசேகர் எழுந்து வந்தார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. "வுடும்மா, எழுதினது எழுதினதா இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான செய்யிறாரு? மார்க் ஜாஸ்தி வந்தா வாணாங்கிறியா?"

அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"சார், பத்தாவதுல சோஷியல்ல எனக்குத் தொண்ணூத்தி நாலு. பள்ளிக்கூடத்துல பொன்னாட போத்துனாங்க. ப்ளஸ் ஒன்ல மிஸ் என்னைய எழுப்பி, நீதான் டாப்பராச்சே, இத வெளக்கிச் சொல்லுன்னாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. கிளாஸே சிரிச்சுது. அப்பறம்தான் புரிஞ்சுது, எனக்கு எழுதுனவங்க அவுங்களா எழுதிட்டாங்கன்னு. அந்தத் தொண்ணூத்தி நாலுல எனக்கு எவ்ளோ, அவுங்களுக்கு எவ்ளோன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்த சால்வைய எங்கம்மா பொட்டில மடிச்சி வெச்சிருக்காங்க. எனக்கு அதத் தொட்டாலே கூசுது."

என் பக்கம் திரும்பினாள்.

"காலேஜ்ல வரலாறு எடுக்கலாமா வாணாமான்னு நான் முடிவு பண்ணணும் சார். எனக்கு வருமா வராதான்னு இந்த மார்க்கப் பாத்துதான் எனக்கே தெரியணும். அதுலயும் கைய வெச்சிங்கன்னா நான் யாரப் போயி கேக்கறது?"

வேதாரண்யத்தை அடித்தேன்.

"இன்னும் எங்க எங்க?" என்றாள்.

இரண்டு இடம் என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் ஒருமுறை பொய்யாகப் படித்துக் காட்டியவன் பேச்சை அவள் ஏன் நம்ப வேண்டும்? ஃபேன் ஓடியபோது என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னாள். தனசேகரைப் பக்கத்தில் நின்று சரி பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு வரியாகப் படித்து, நான் சேர்த்ததை எல்லாம் அடித்து, அவள் சொன்ன வார்த்தையைத் திரும்ப எழுதி... அரை மணி நேரம் போய்விட்டது.

கடைசிப் பத்து மார்க் கேள்விக்கு அவளிடம் விடை இருந்தது, நேரம்தான் இல்லை. நாலு வரி சொல்லியிருப்பாள். மணி அடித்துவிட்டது.

இப்போது நான் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முதன்மைக் கண்காணிப்பாளர் அறை இருபது அடி தூரத்தில் இருந்தது. போய், 'சார், என் தப்பால் அந்தப் பெண்ணுக்கு அரை மணி நேரம் போயிற்று, அதைக் கொடுங்கள்' என்று கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பாரா தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என்ன தப்பு என்று சொல்ல வேண்டுமே? மெமோ, விசாரணை, இன்க்ரிமென்ட் கட்... எல்லாம் கண் முன்னால் வந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. அவள் சார்பில் வேதாரண்யம் வரை நடக்கத் தெரிந்தவனுக்கு இருபது அடி நடக்கத் தைரியம் வரவில்லை!

"கட்டிடுங்க சார்" என்றாள் ஜெசிந்தா. நூலைக் கோத்து விடைத்தாளைக் கட்டினேன். மூன்றாவது தடவைதான் முடிச்சு விழுந்தது.

ரிசல்ட் வந்த அன்று அவளே போன் செய்தாள்.

"இருநூத்துக்கு நூத்தி முப்பத்தி ஒண்ணு சார்."

"ஐயோ, அந்தப் பத்து மார்க்..."

"அத வுடுங்க. நூத்தி முப்பத்தி ஒண்ணும் என்னுது சார். நான் வரலாறே எடுக்கப் போறேன்."

வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி. பார்வை இல்லாதவர், கை வராதவர் என்று ஒருவரைப் பார்த்ததும் வாயில் முதலில் 'பாவம்' வருகிறது. அடுத்த நிமிஷமே அவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்துவிடத் துடிக்கிறோம். தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டுகிற வியாபாரியைத் திட்டுகிறோம். எடையைக் கூட்டிக் காட்டுவதற்கு ஒட்டினாலும் அது புளிதானே? அந்தத் தராசை நம்பித்தான் ஒரு பெண் தன் வாழ்க்கையை நிறுத்துப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் ஒரு முடிவு எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் பரீட்சைக்கு முன்னால், கடலூரிலும் சிதம்பரத்திலும் யார் யார் ஸ்கிரைபாகப் போகிறார்கள் என்று விசாரித்து, அழைக்காமலேயே போய் நிற்கிறேன். ஒரு மணி நேரம் பேசுகிறேன். கேள்வியை அச்சில் இருக்கிறபடி படியுங்கள். ஒரு மார்க் கேள்வியில் சரியான விடை வரும்போது குரலை இழுக்காதீர்கள், அதுவும் சொல்லிக்கொடுப்பதுதான். தப்பாகச் சொன்னால் தப்பாக எழுதுங்கள். எழுதியதையே திரும்பப் படியுங்கள். முதல் நாளே போய் அவர்களோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள், அந்த வேகம் பிடிபட வேண்டும். கூடுதல் நேரத்தில் ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள், சண்டை போட்டாவது வாங்குங்கள். அது தானம் இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது.

சண்டைக்கும் வருகிறார்கள். போன மாதம்கூட ஓர் இளம் ஆசிரியர், "நாமளே உதவலன்னா அவுங்களுக்கு யாரு சார் உதவுவா?" என்று எகிறினார். "உதவணும்னா ஜனவரியிலேயே போய்ப் பாடம் சொல்லிக் குடுங்க தம்பி. மார்ச்ல கைய மட்டும் குடுங்க" என்றேன். முறைத்தார். முறைக்கட்டும். நான் விடுவதாக இல்லை.

இந்த லட்சணத்தில்தான் போன வாரம் ஜெசிந்தாவிடமிருந்து போன். எம்.ஏ. வரலாறு, கடைசிப் பரீட்சை.

"சார், எழுத வர்றீங்களா?"

"என்னையா? எத்தனையோ நல்லவங்க இருக்காங்களேம்மா... நான் உனக்குப் பண்ணினது..."

"நல்லவங்க நெறைய பேரு இருக்காங்க சார். மாட்டிக்கிட்டவரு நீங்க ஒருத்தருதான்" என்று சிரித்தாள். "ஆனா ஒரு கண்டிஷன். அன்னிக்கு மாதிரி கரண்ட் போவும்னு நம்பிக்கினு இருக்க முடியாது. ஃபேன் ஓடினாலும் எனக்குக் கேக்கணும். சத்தம் போடுற பேனாவா வாங்கிட்டு வாங்க."

அதனால்தான் அந்தக் கடையில் காதைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் உள்ளே இருந்து தூசி தட்டிக்கொண்டே ஒரு டப்பாவோடு வந்தார். பழைய நிப் பேனாக்கள்.

"இது கரகரன்னு கத்துதுன்னு ஒருத்தரும் வாங்க மாட்டேன்றாங்க சார்."

எழுதிப் பார்த்தேன். எலி பிறாண்டுகிற மாதிரி சத்தம். ரோட்டில் பஸ் போகும்போதும் கேட்டது.

இதைப் படித்துவிட்டு எனக்கு மெமோ அனுப்ப வேண்டியவர்கள் தாராளமாக அனுப்பலாம். பதிலை இந்தப் பேனாவாலேயே எழுதுகிறேன். அந்த இருபது அடியை நடக்க எனக்கு ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

"எத்தன சார் குடுக்கட்டும், ஒண்ணா ரெண்டா?"

"டப்பாவோட குடுங்க" என்றேன். ஜெசிந்தாவுக்கு எழுத ஒன்று போதும். மற்றதெல்லாம் அடுத்த மார்ச்சில் ஸ்கிரைபாக உட்காரப் போகிற நல்லவர்களுக்கு.