முதல் வரியில் திண்டிவனம்

போன வாரம் காஸ் இணைப்பை மாற்றுவதற்காகக் கணினியில் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் பழக்க தோஷத்தில் 'மேற்படி' என்று அடித்தேன். கட்டம் சிவந்துபோய், சரியான முகவரியைத் தரவும் என்று அதட்டியது. எட்டிப் பார்த்த மகள், "மேற்படின்னா யாருப்பா?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

எண்பதுகளின் கடைசி. விழுப்புரத்தில் ஓர் உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். அங்கே வாத்தியார் உத்தியோகம், என் முதல் வேலை. யூரியா வாசனை எங்களோடு படியேறி வந்து ஏ.சி. அறை வாசலில் நின்றுவிடும். நாங்களும் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இன்றும் ஏ.சி. காற்று முகத்தில் பட்டால் என் கால் செருப்பைக் கழற்றப் பார்க்கும். ஒருமுறை வங்கியில் கழற்றியே விட்டேன். காவலாளி அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

முதலாளிக்குத் திண்டிவனத்திலும் ஒரு கிளை உண்டு. எந்தப் புது கம்ப்யூட்டர் மொழியின் பெயர் காதில் விழுந்தாலும் பெயின்டரைக் கூப்பிட்டு போர்டில் ஏற்றிவிடுவார். சி பிளஸ் பிளஸ் அப்படி ஏறியதுதான். எங்கள் மெஷினில் அது ஓடாது. மெட்ராஸிலிருந்து வந்த ஜெராக்ஸ் புத்தகம் ஒன்று இருந்தது, நடத்த நான் இருந்தேன்.

அதில் இன்ஹெரிட்டன்ஸ் என்று ஒரு பாடம். 'கிளாஸ்' என்ற ஒன்றை எழுதிவிட்டால் அதன்கீழ் இன்னொரு கிளாஸ் உண்டாக்கலாம். மேலே இருப்பதெல்லாம் அதற்கும் வந்துவிடும் என்று போட்டிருந்தது. நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் தூக்கம்தான் வந்தது. மறுநாள் கரும்பலகையில் ஓர் அப்பாவையும் மகனையும் வரைந்து, "அப்பாவோட நெலம் பையனுக்கு வருது, அவ்ளோதான்" என்று முடித்தேன்.

வளர்மதி எழுந்தாள். ஓமந்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள், பையில் எல்லாருக்கும் மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலை, இருக்கும்.

"நெலம் பையனுக்குப் போயிட்டா அப்பாகிட்ட இருக்காதே சார். புக்குல ரெண்டு பேர்கிட்டயும் இருக்குதுன்னு போட்டுக்கீதே?"

"அது அட்வான்ஸ்டு. அப்புறம் வரும்" என்றேன். வகுப்பு முடிந்தும் அவள் போகவில்லை. பத்து நாளில் மெட்ராஸில் அவளுக்கு இன்டர்வியூ. "இதத்தான் கேப்பாங்களாம் சார். இந்த வேல கெடைக்கலன்னா வீட்ல வாத்தியார் டிரெய்னிங்ல சேத்துடுவாங்க. எனக்கு அந்த வேல சுத்தமா புடிக்காது" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்கள சொல்லல சார்" என்றாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வயதில் அந்த வார்த்தை யாருக்கு வரும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சென்டரிலேயே தேர்வு. பதினெட்டுப் பேர் பட்டியலை நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். திண்டிவனம் கிளையின் பழைய பட்டியலைப் பார்த்து எழுதியதால் முதல் பெயருக்கு நேரே தேதி, நேரம் மாற்றிவிட்டு, இடம் மட்டும் 'திண்டிவனம்' என்றே எழுதிவிட்டேன். கீழே கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கட்டத்திலும் மேற்படி, மேற்படி. வளர்மதி மட்டும் "எனக்கு எங்க சார்?" என்று கேட்டிருந்ததால், அவள் வரியில் இடத்தை மட்டும் அடித்து 'விழுப்புரம்' என்று எழுதினேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு காலை அவள் ஒருத்திதான் வந்தாள்.

"மத்தவங்கல்லாம்?"

"எதிர் பஸ்ல போய்க்கினு இருந்தாங்க சார். கைகூட ஆட்டுனாங்க. டூர் போறாங்கன்னு நெனச்சேன்."

பூட்டிக் கிடந்த திண்டிவனம் கிளை வாசலில் பதினேழு பேர் நிற்பதாக முதலாளிக்கு போன் வந்தது. அவர் மேலேறி வந்தார். "இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க நீ? ஒரே பேஜாராப் போச்சு! ஜல்தியா வேற லிஸ்ட்டு எழுது!" புதுத் தாள் எடுத்தேன்.

பட்டியல் முன்னால் நின்றிருந்த வளர்மதி திரும்பினாள். "வேற எதுக்கு சார்? மேல இந்த ஒரு வரியத் திருத்துங்க, கீழ பதினாறும் தானா சரியாயிடும். தேதி, நேரம் எனக்கும் மேலேர்ந்துதான் வருது. எடம் மட்டும் தனியா எழுதுனதால அந்தத் தப்பு என்னத் தொடல." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள்: "சார், மேல இருக்கறது மேலயே இருக்குது, கீழயும் வருது. இதானே அந்தப் பாடம்?"

எனக்கு அந்த நொடியில்தான் பாடம் விளங்கியது. கேட்டவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"அன்னிக்கு இதத்தாம்மா நான் சொன்னேன்."

வேலை கிடைத்ததும் இன்லண்டு லெட்டர் போட்டாள். 'நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே கேட்டார்கள் சார்' என்று எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை.

பிறகு முப்பது வருஷம் கல்லூரியில் அந்தப் பாடத்தை எடுத்தேன். "ஒரு பொண்ணுக்கு நான் மேற்படி வெச்சு வெளக்கினேன்" என்றுதான் ஒவ்வொரு வருஷமும் ஆரம்பிப்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

உரக்கடை மாடியில் இப்போது கண்ணாடிக் கடை. அந்த லெட்டரும் வீடு மாறியதில் போய்விட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இங்கேயாவது முதல் வரியைத் திருத்திவிடுகிறேன்: விளக்கியவள் வளர்மதி, கேட்டுக்கொண்டவன் நான். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள் அதை மேற்படி போட்டு வைக்கவில்லை. நான் சொன்னபடியே ஆளாளுக்கு நோட்டில் முழுசாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே நான் திருத்தி, அங்கே ஒன்றும் மாறப் போவதில்லை.