வாலைப் பிடிக்காத ஊர்

எண்பதுகள் பிறந்தபின் வந்த முதல் ஐப்பசி அது. மதுரையில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த நான், அலங்காநல்லூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் தோழி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். பிற்பகலில், மதுரையில் நான் தங்கியிருந்த திருநகருக்குத் திரும்பப் புறப்பட்டபோது மழை பிடித்துக்கொண்டது. நானும் தோழியும், என்னைப் பேருந்தில் ஏற்றிவிட வந்த அவளுடைய அண்ணனும் சாலையோர டீக்கடையில் ஒதுங்கினோம். தூரத்துப் பனைமரங்களைக் கண்ணுக்குக் காட்டாத மழை.

அண்ணன் அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற மாடுபிடி வீரர். கடையில் ஒதுங்கியிருந்த இளைஞர்கள் எல்லோரும் அவருடைய கூட்டாளிகள்.

திடீரென்று மேகத்துக்குள் ஏதோ உறுமியது.

"லாரி சத்தமாடா?"

"லாரி எப்ப மாப்ள மேல போச்சு?"

பேசி முடிப்பதற்குள், சின்னஞ்சிறு விமானம் ஒன்று மழையைக் கிழித்துக்கொண்டு எதிரே தரிசு நிலத்தில் இறங்கியது. தவளைபோல் எம்பிக் குதித்து, ஒரு சக்கரத்தை உதறிவிட்டுச் சறுக்கிக்கொண்டே போய் நின்றது.

நின்றுவிட்டது என்று நாங்கள்தான் நினைத்தோம். அது சரிவான நிலம். சரிவின் அடியில் சுற்றுச்சுவர் இல்லாத பெரிய பாசனக் கிணறு. சேற்றில் வழுக்கியபடி விமானம் மெல்ல மெல்ல அதை நோக்கி நகர்ந்தது. உள்ளே விமானி ஒருவர் மட்டும். கதவு நெளிந்து சிக்கிக்கொண்டதால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஓடினோம். இளைஞர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஒருவர் பாய்ந்து விமானத்தின் முதுகைத் தழுவினார், வழுக்கி விழுந்தார். இன்னொருவர் இறக்கையைத் தழுவினார்; அவரும் விழுந்தார்.

"இதுக்குத் திமிலு எங்கடா இருக்கு?"

"மூக்குப் பக்கமாப் போய்த் தள்ளுங்கடா!"

"அங்கிட்டுக் கெணறுல்ல இருக்கு! மொதல்ல நீ போ!"

பிடிப்பதற்கு ஏற்றதாக இருந்தது வால் ஒன்றுதான். அதனருகே நின்ற அண்ணன் கையை நீட்டினார், சட்டென்று இழுத்துக்கொண்டார். திமிலைத் தழுவி அடக்குபவனே அங்கு வீரன். வாலைப் பிடித்தவனுக்குப் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள்.

"அண்ணே, வாலப் பிடிண்ணே!" என்றாள் தோழி.

"அடி போடி! நாளைக்கு நான் ஊருக்குள்ள தலகாட்ட வேணாமா?"

வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்பதையே இரண்டாம் முறை கேட்டபிறகுதான் பிறர் காதில் விழும்படி சொல்பவள் நான். அன்று எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்.

"அது மாடு அன்று! விமானம்! உள்ளே மனிதர் இருக்கிறார்! வாலைப் பிடியுங்கள்!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருத்தா இது, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி?" என்றார் ஒருவர்.

அதற்குள் அண்ணன் வாலைப் பிடித்துவிட்டார். அவர் இடுப்பை ஒருவர், அவருடைய இடுப்பை இன்னொருவர் என்று எல்லோரும் கோத்துக்கொண்டார்கள். வரிசையின் கடைசியில் யாரோ ஒருவரின் துண்டைப் பிடித்து நானும் இழுத்தேன். கிணற்றுக்கு மேலே மூக்கை நீட்டியபடி விமானம் நின்றது. டீக்கடைக்காரர் கடப்பாரையால் கதவை நெம்பி விமானியை வெளியே இழுத்தார்.

அவர் முதலில் கேட்டது, "ஏர்போர்ட் எந்தப் பக்கம்?"

"இம்புட்டுத் தூரம் தள்ளி வந்துட்டீகளே சார்! பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, அவனியாபுரம் பஸ் ஏறணும்" என்றார் அண்ணன், மெய்யான அக்கறையோடு.

சில நாட்கள் கழித்து விமானி இனிப்போடு அந்த ஊருக்கு நன்றி சொல்ல வந்தார். நானும் போயிருந்தேன்.

"வாலைப் பிடிச்சு என்னைக் காப்பாத்தினது யாருங்க?"

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாலா? எங்க ஊர்ல எவனும் வாலப் பிடிக்க மாட்டான் சார்" என்றார் அண்ணன், முகத்தில் சலனமே இல்லாமல். "ரெக்கையத்தேன் பிடிச்சோம்."

விமானி என்னைப் பார்த்தார். "ஆம், இறக்கையைத்தான்" என்றேன்.

எந்தப் பரிசுக்காகவும் செய்யத் துணியாத ஒன்றை, முகமறியாத ஒருவரின் உயிருக்காகச் செய்துவிட்டு, அதை வெளியே சொல்லக் கூசியவர்கள் அவர்கள். வீரம் என்ற சொல்லை எந்தப் பாடத்தில் படித்தாலும், விமானம் நின்றபின்னும் பிடியை விடாமல் மழைச் சேற்றில் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்து கிடந்த அந்தக் கூட்டம்தான் இன்றும் எனக்கு அதன் பொருளாகத் தோன்றுகிறது.