வெளிறிய துளிரும் புளித்த மோரும்

பாரிஸ் லாச்சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், எனக்கு இரண்டு பெயர்கள். ஒன்று, கோபக்காரி. ரூ காய் என்கிற தெருவில் நான் மரக்கறி அடுக்கும் கடையில், வெண்டிக்காய்களின் நுனியை வரிசையாக முறித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போன ஒரு பெண்ணின் கையில் ஓங்கி ஒன்று போட்டேன். முதலாளி அவளிடம் மன்னிப்புக் கேட்டார், நான் கேட்கவில்லை. மற்றது, கறிவேப்பிலைக்காரி. புறநகர் ஸ்தேனில் என் வீட்டு ஜன்னலோரம் நிற்கும் கறிவேப்பிலை பதினொரு குளிர்காலங்களைக் கடந்துவிட்டது. மற்றவர்களுடையது மார்கழியிலேயே மொட்டையாகிவிடும். அதனால் தக்காளி வாங்க வருகிறவர்கள்கூட தொலைபேசியில் இலைப் படத்தைக் காட்டி வைத்தியம் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் இங்கே வீட்டுக்குள் ஒரு செடி வளர்க்கிறார்கள் என்றால் அது கறிவேப்பிலைதான். என்ன செடி என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

என் தம்பியிடமும் கேட்கவில்லை.

அவனுக்கு முப்பத்தொரு வயது. உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறான். முதலில் என்னோடுதான் இருந்தான். ஒருநாள் சோற்றுப் பானையை ஊறப்போடாமல் படுத்துவிட்டான் என்பதற்காக அவனுடைய உடுப்புப் பையைப் படிக்கட்டில் வீசினேன். பை இரண்டு மாடி உருண்டு போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் விலாசத்தை இனி எந்தக் கடுதாசியிலும் எழுதாதே என்றும் சொன்னேன். இந்த நாட்டில் விலாசமில்லாத அகதிக்கு ஒன்றுமில்லை. அவனுடைய வதிவிட கார்ட் முடிகிற வருடம் அது. இவன் என் வீட்டில் இருக்கிறான் என்று ஒருவர் எழுதித் தரும் விலாசக் கடிதம் இல்லாமல் புதுக் கார்ட் இல்லை. கார்ட் இல்லையென்றால் வேலை இல்லை, பிறகு நாட்டைவிட்டுப் போ என்கிற கடிதம்தான் வரும். இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். கோபத்தில் எனக்குப் புத்தி மழுங்குவதில்லை, இன்னும் கூராகும்.

ரூ பஜோல் தெருவுக்குப் பின்னால் யாரோ அவனுக்கு ஓர் அறையும் கொடுத்து, விலாசக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் என்று விசாரிக்கவில்லை. பிழைத்தான் என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தான். புதுக் கார்ட்டுக்காகப் பிரெபெக்சர் அலுவலகத்தில் விரலடையாளம் கொடுக்க ரொந்தெவூ, திகதி, கிடைத்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றான். எனக்குச் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை. பிறகு தொலைபேசியை நீட்டினான். திரை முழுக்க ஓர் இலையின் நடுப்பகுதி மட்டும். ஓரம் தெரியவில்லை. எலுமிச்சைத் தோல் மஞ்சளாவதற்குச் சற்று முன் இருக்குமே, அந்த மாதிரி வெளிர்ப் பச்சை.

"அக்கா, புது இலையெல்லாம் இப்பிடி வெளிறித்தான் வருது. கீழ இருக்கிறது நல்ல கரும்பச்சை. ஏன்?"

சொன்னேன். புது இலை அப்படித்தான் வரும். இலை விரிகிற வேகத்துக்குப் பச்சையம் சேர்வதில்லை. மெல்லிய தோல், நிறம் பிறகுதான் ஏறும். வீட்டுக்குள் விளக்கில் வளர்கிற செடியென்றால் உச்சி இலைதான் வெளிச்சத்துக்குக் கிட்ட நிற்கும், அதனால் இன்னும் வெளிறித் தெரியும். நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவில் மஞ்சளடித்தால்தான் செடிக்கு வருத்தம். இது வருத்தமில்லை, பத்து நாள் விடு, தானாகக் கறுக்கும் என்றேன். சரியான பதில். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் அவன் போகவில்லை. பத்து நாளா என்று கேட்டுவிட்டு நின்றான். முகத்தில் நிம்மதி வரவில்லை. ஒன்றும் செய்யாதே என்ற பதிலை வாங்கிக்கொண்டு போக யாருக்கும் பிடிப்பதில்லை. சொல்கிறவளுக்கும் அது பதில் மாதிரி இல்லை. ஆகவே எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன். தயிரை மூன்று நாள் வெளியில் வைத்துப் புளிக்கவிடு, தண்ணீர் கலந்து மோராக்கி அடியில் ஊற்று. கறிவேப்பிலைக்கு எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான்.

"எவ்வளவு ஊத்துறது?"

"தாராளமா ஊத்து."

மூன்று வாரம் கழித்து, வலது கையில் துணி சுற்றி வந்து நின்றான். கொதித்த எண்ணெய் பட்டுவிட்டது என்றான். அவிழ்க்கச் சொன்னேன், மாட்டேன் என்றான். நானே அவிழ்த்தேன். பெருவிரலைத் தவிர நான்கு விரல்களின் நுனியும் வெந்து, தோல் பொங்கி, நீர் கோத்து நின்றன. எண்ணெய் தெறித்தால் இப்படி நான்கு நுனியிலும் அளவெடுத்தாற்போல் படாது. தேங்காய் உடைக்கிற கத்தியை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவனை முன்னால் நடக்க விட்டேன்.

அறைக் கதவைத் திறந்ததும் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. பாதி அறையை ஒரு கறுப்புக் கூடாரம் பிடித்திருந்தது. அதன் ஜிப்பை இழுத்துத் திறந்தேன். உள்ளே பெரிய விளக்கு, ஒன்பது சட்டிகள், ஒன்பதிலும் கஞ்சா. மண்ணின் மேல் பாலாடை மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். அடியிலைகள் தொங்கிப்போய்க் கிடந்தன.

தம்பி சுவரோரம் நின்றபடி சொன்னான். அறையும் கடிதமும் கொடுத்த இரண்டு பேரின் செடிகள் அவை. கடிதத்துக்கு ஈடாக இவன் காவல். துளிர் வெளிறி வருவதைப் பார்த்து, நீ விளக்கை அணைக்கிறாய், மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து செடியைக் கொல்கிறாய் என்று முதலில் ஒரு தடவை வயிற்றில் உதைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் என்னிடம் வந்திருக்கிறான். மோர் ஊற்றினான். மூடிய கூடாரத்தின் சூட்டில் அது அழுகியது. முந்தின நாள் காலை அவர்கள் வந்து பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்து எரிகிற விளக்கில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் கன்னத்தில் அறைந்தேன். திரும்ப அறைந்தேன். மூன்றாவது அறையில் உதடு வெடித்தது. அடுத்த வாரம் விரலடையாளம் வைக்க வேண்டியவனுக்கு விரலில்லாமல் போனதே என்ற ஆத்திரம். நாயே, உனக்கு இது வேண்டும் என்று கத்தினேன். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

பிறகு கத்தியை எடுத்தேன். தண்டுகள் வாழைத்தண்டு போலில்லை, நார் பிடித்தவை. இரண்டு கையாலும் வெட்டினேன். ஐந்தாவது செடியில் இருக்கும்போது சாவி போட்டுக் கதவைத் திறந்துகொண்டு அந்த இரண்டு பேரில் ஒருவன் வந்தான். நம்மவன்தான், தமிழில்தான் என் தாயைத் திட்டினான். என் வாயில் குத்தினான். முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. கத்தி கைநழுவி விழுந்தது நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் நான் சிறையிலிருந்துதான் இதை எழுதியிருப்பேன். கைக்கு அகப்பட்ட சட்டியைத் தூக்கி, மண்ணும் மோரும் பூஞ்சணமுமாக அவன் முகத்தில் இறக்கினேன். சட்டி உடைந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தவனைக் கூடாரத்துக் கம்பியால் முதுகில், பிடரியில், அவன் தவழத் தொடங்கிய பிறகும் அடித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன். தம்பிதான் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான்.

மாடிப்படியில் கதவுகள் திறந்தன. யாரோ பொலிஸ் என்று கத்தினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அடிபட்டவன் எழும்பி ஒரு பக்கம் ஓடினான், நாங்கள் ஒரு பக்கம் ஓடினோம்.

அன்றைக்கே தம்பியை ஸ்தேனுக்குக் கூட்டி வந்தேன். புதிய விலாசக் கடிதத்தை நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடுத்த வாரம் பிரெபெக்சரில் அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். விரலைத்தான் இயந்திரம் ஏற்கவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்த அலுவலகப் பெண், ஆறிய பிறகு வரச் சொல்லி இரண்டு மாதம் தள்ளித் திகதி தந்தாள். அடையாளம் விழாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, கோப்பு மேலே போகும் என்றாள். மேலே போன கோப்பு மறுப்புக் கடிதமாகத்தான் திரும்பும் என்று லாச்சப்பலில் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு மாதமும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தோல் கழன்று புதுத்தோல் வந்தது. மெல்லியது, வெளிறியது, ரேகை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதது. தேன் பூசலாம் என்று ஒருத்தி சொன்னாள், கற்றாழை என்று இன்னொருத்தி. இரண்டையும் வாங்கி வைத்தேன், பூசவில்லை.

இரண்டாவது திகதியன்று காத்திருக்கும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இலக்கம் வர இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ஒரு விரல் போதாதா, ஏன் நான்கையும் சுட்டார்கள் என்று கேட்டேன். எனக்கு அது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அவன் இலக்கத் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"மோர் ஊத்தச் சொன்னது ஆர் எண்டு கேட்டவங்கள். ஆரோ காசு தந்து நஞ்சு வைக்கச் சொன்னது எண்டு நினைச்சவங்கள். ஒவ்வொருக்காக் கேக்கேக்கையும் ஒரு விரல்."

"நான் எண்டு சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கடையில தனிய நிக்கிறனீங்கள், அக்கா."

இந்த வாயால்தான் தாராளமாக ஊற்று என்றேன். இந்தக் கையால்தான் மூன்று தரம் அறைந்தேன். நான்கு தரம் கேட்டார்கள், நான்கு தரமும் என் பெயரை விழுங்கியிருக்கிறான்.

இலக்கம் வந்தது. எழும்புவதற்கு முன் விரல்களை என் முன்னால் விரித்துக் காட்டினான்.

"இதுக்கு ஏதும் பூசியிருக்கலாமோ? இப்பிடி வெளிறிக் கிடக்கு."

கைப்பையில் கற்றாழைக் களிம்பு இருந்தது. பைக்குள் போன கையை வெறுமையாக வெளியே எடுத்தேன்.

"ஒண்டும் செய்யாதை," என்றேன். "புதுசு அப்பிடித்தான் வரும்."

அவன் போய் இயந்திரத்தின் கண்ணாடியில் நான்கு விரல்களையும் வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் அழுத்தச் சொன்னாள் அந்தப் பெண். அவன் தோள் இறுகுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன், அவர்கள் விளக்கில் வைத்து அழுத்தியபோதும் இப்படித்தான் இறுகியிருக்கும். மூன்றாவது தரம் பச்சை எரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அவன் கையை எடுத்து, திரும்பி, நான் அன்று அறைந்த தன் கன்னத்தைத் தடவியபடி என்னிடம் வந்தான்.