ஜூஜுவாடியில் வாங்கிய படகு மோட்டார்

ஓசூரில் குடியிருந்துகொண்டு படகு மோட்டார் வாங்கப் போனோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டது. அப்பா நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். சிப்காட்டில் பிரஸ் மெஷின் வேலைக்கு வந்தார். எனக்கு எட்டு வயதாகும்போது வலது கையில் மூன்று விரல்களை அந்த மெஷினிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கம்பெனியில் அவரை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தே இருக்கிற மனிதனுக்கு ஊர் நினைப்பு அதிகமாக வரும் போலிருக்கிறது.

காற்று திசை மாறினால், இந்நேரம் ஊரில் என்ன மீன் படும் என்று ஆரம்பித்துவிடுவார். அம்மா ஆசையாக வைத்த கிருஷ்ணகிரி டேம் மீன் குழம்பில் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, மண் வாசனை அடிக்கிறது என்று தட்டின் ஓரமாக ஒதுக்குவார். எனக்கும் ஊர் என்றால் உயிர்தான். மே மாத லீவில் பத்து நாள் பார்க்கக் கிடைக்கிற கடலுக்காக மிச்ச வருஷம் முழுவதும் ஏங்கிக்கொண்டிருப்பேன். அந்த விஷயத்தில் நான் அப்பா பெண்.

சுனாமிக்குப் பிறகு சித்தப்பாவுக்குச் சின்னதாக ஒரு ஃபைபர் படகு கிடைத்திருந்தது. இரண்டு பேர் போகிற படகு. அதன் மோட்டாரை உப்பு அரித்துத் தின்றுவிட்டது என்று தகவல் வந்த சமயத்தில்தான், கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு படகு மோட்டார்கள் கிடப்பதை அப்பா பார்த்தார். கர்நாடகத்தில் ஏதோ ஏரியில் படகு விட்டவர்கள் கழித்துப்போட்டவை. அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தம்பியை வரச்சொல்லி மோட்டார் எடுத்துக் கொடுக்கப்போவதாகவும், தானும் வேலையை விட்டுவிட்டு அவனோடு கடலுக்குப் போகப்போவதாகவும் அம்மாவிடம் சொன்னார். நான் அப்போதே என் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாவும் அதே கரைக்காரிதான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் தனித்தனியா கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு வாங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்றாள்.

ஊரில் அது எழுதாத சட்டம். இரண்டு பேர் போகிற படகில் ஒருவன் தண்ணீரில் விழுந்துவிட்டால், மற்றவன் மோட்டாரைக் கிளப்பிப் படகைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். தனியாகக் கிளப்ப முடியாதவனை ஊர்ப் பெண்கள் படகேற விடமாட்டார்கள். எனக்கு அது அம்மாவின் வழக்கமான நச்சரிப்பாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா வந்து இறங்கியதும் மூன்று பேருமாக ஜூஜுவாடிக்குப் போனோம். கடைக்காரர் பின்பக்கத்தில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். டிரம் ஓரத்தில் மோட்டாரை மாட்டி, அது தண்ணீருக்குள் ஓடுவதைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

"நோடி, பாருங்கண்ணா, ஏரித் தண்ணி மட்டும் குடிச்ச மோட்டாரு. உப்புன்னா என்னன்னே தெரியாது" என்றார்.

ஒன்று சின்னது, ஒன்று பெரியது. முதலில் சின்னதை மாட்டினார்கள். சித்தப்பா ஒரே இழுப்பில் கிளப்பினார். அப்பா இடது கையால் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது புகை விட்டுக்கொண்டு ஓடியது. டிரம் தண்ணீர் துள்ளி என் பாவாடையெல்லாம் நனைந்தது. அப்பா பிடியைப் பிடித்தபடி, ஓசூர்ப் புழுதிக்கு நடுவில், எதிரே நின்ற லாரிகளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் போதும் போதும் என்று கையைக் காட்டிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. அவரை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

பிறகு பெரியதை மாட்டினார்கள். சித்தப்பாவுக்கு இரண்டு இழுப்பு. அப்பா இழுத்தார். கயிறு பாதிவரை வந்து திரும்ப உள்ளே போய்விட்டது. காலை டிரம்மில் உதைத்துக்கொண்டு இழுத்தார். வலது கையின் மிச்ச விரல்களையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. சட்டை முதுகில் ஒட்டிப்போனதும் கயிற்றை விட்டுவிட்டு, டிரம் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"சின்னதே எடுத்துக்கலாம்ணே. எனக்கு இது போதும்" என்றார் சித்தப்பா.

"அது ஏரியில ஜோடிங்கள சுத்திக் காட்றதுடா. மீனோட வர்றப்ப அலை எந்திரிச்சா நிக்குமா?"

"அப்ப பெருசே எடுப்போம். எப்பவும் நானே இழுத்துக்கறேன். நீ சும்மா வாண்ணே."

"நீ தண்ணியில விழுந்துட்டா யாருடா இழுக்கறது?"

சித்தப்பா பிடிவாதமாகச் சின்னதின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் என்று எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. பெரிய மோட்டார் என்றால் எவ்வளவு தூரம் போகலாம், என்னையும் ஏற்றிக்கொண்டு போகலாமே! "பெரிசு! பெரிசு!" என்று கையைத் தட்டிக் குதித்தேன்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாரு, பாப்பாவே சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டு, பெரியதைக் கட்டச் சொன்னார். ஒன்னோட மச்சினன கூட்டிக்கிட்டுப் போ, பலசாலிப் பய என்று சித்தப்பாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. நாங்கள் போய்ச் சேரும்வரைக்கும்தான் அந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சாப்பாடு போட்டாள். அப்பாவின் இடது உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவிவிட்டாள். எப்போது ஊருக்குப் போகிறோம் என்று நான் அப்பாவைக் கேட்டேன். பரீட்சை முடியட்டும் என்றார். எந்தப் பரீட்சை என்று அவர் சொல்லவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறவரை ஒவ்வொரு பரீட்சையும் முடிந்துகொண்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் வேளாங்கண்ணி பஸ்ஸில் மோட்டாரைச் சாக்கில் கட்டி ஏற்றினோம். லக்கேஜ் டிக்கெட்டுக்காக அப்பா கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கேட்ட சாமான் கிடைக்காவிட்டால் நானும் அப்படித்தான் அழுவேன். பாவமாக இருந்தது. எக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க சித்தப்பா, சின்னது நல்லாவே இல்ல. அப்பா எடுத்ததுதான் நல்ல மோட்டாரு" என்று தேறுதல் சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு மோட்டாருக்காக இப்படியா அழுவார் என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.